செயற்கைப் புல் போட்டும் தண்ணீர் வடியவில்லை, உதவி தேவை (அவசரம்)

சிராங்கூன்வாசி, செவ்வாய் இரவு 11.40
வணக்கம். வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் நின்று பாசி பிடித்து வழுக்குகிறது என்றுதான் போன மாதம் செயற்கைப் புல் போட்டோம். "இனிமேல் கவலையே இல்லை" என்றார் புல் போட்டுக்கொடுத்த குத்தகையாளர். இன்று மழை விட்டு ஆறு மணி நேரம் ஆகிறது, காலை வைத்தால் புல்லுக்குள்ளிருந்து சளக் சளக் என்று தண்ணீர் வருகிறது. நாய் வேறு அங்கேதான் போகிறது, நாற்றம் தாங்கவில்லை. சனிக்கிழமை மாமியார் ஊரிலிருந்து வருகிறார். என்ன செய்யலாம், சீக்கிரம் சொல்லுங்கள்.

மழைமானி
இடம் எவ்வளவு? புல்லுக்குக் கீழே மண்ணா, சிமெண்ட் தரையா? மழைநீர்க் கால்வாய் எந்தப் பக்கம்?

தோட்டக்காரி
படம் இருந்தால் போடுங்கள். ஓரங்களும் தெரிகிற மாதிரி.

ஈசூன்தம்பி
புல்லின் அடிப்பக்கத்தில் ஓட்டை போதவில்லை, அதுதான். சில மலிவான ரகங்களில் ஓட்டை அரிதாகத்தான் இருக்கும். நான் ஆணியைச் சூடாக்கி, சாணுக்கு ஒன்றாக ஓட்டை போட்டேன். பிரச்சினை தீர்ந்தது.

கரணை
மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாராவது இதே கேள்வியோடு வருகிறார்கள். மன்றத்தில் பழைய இழைகளைத் தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. புல் வெறும் மேல்சட்டை, தம்பி. தண்ணீரைக் கடத்துவது அடியில் இருக்கும் ஜல்லியும் வாட்டமும், அதாவது சரிவும். மண்ணை வெட்டி எடுத்து, மண்ணும் ஜல்லியும் கலக்காதபடி துணி விரித்து, ஜல்லி கொட்டி, திமிசு போட்டு இடித்து, மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது வாட்டம் கொடுத்திருக்க வேண்டும். குத்தகையாளரிடம் இதையெல்லாம் கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள்.

காலாங்_கார்த்தி
களிமண்ணாகத்தான் இருக்கும். எங்கள் காலாங் பக்கம் கடற்களிமண். குழி தோண்டித் தண்ணீர் ஊற்றினால் மறுநாள் வரை அப்படியே நிற்கும். உங்கள் இடத்திலும் ஒரு அடிக்குத் தோண்டி ஊற்றிப் பாருங்கள்.

தோட்டக்காரி
அவர் இன்னும் மண்ணா சிமெண்டா என்றே சொல்லவில்லை, அதற்குள் தோண்டச் சொல்கிறீர்களே!

சிராங்கூன்வாசி, புதன் மதியம் 1.15
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். 5 மீட்டருக்கு 4 மீட்டர். கீழே பழைய சிமெண்ட் தரைதான். கால்வாய் பின்சுவர் ஓரம். புல் நகரக் கூடாது என்று வீட்டுப் பக்கம் தவிர மூன்று பக்கமும் சின்னத் திண்டு கட்டினார்கள். அது பரவாயில்லைதானே?

மழைமானி
அட, அதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா! கணக்குப் போடுங்கள். 20 சதுர மீட்டர் இடம். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை கொட்டினால் 1,000 லிட்டர் தண்ணீர். கால்வாய்ப் பக்கமும் திண்டு என்றால் அது எங்கே போகும்? தொட்டி கட்டி அதற்குள் புல் போட்டிருக்கிறார்கள். கால்வாயோரம் ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். திண்டில் ஓட்டை விட்டிருக்கிறார்களா, விட்டிருந்தால் புல்லுக்கு இடையே தூவிய மணல் அதை அடைத்திருக்கிறதா என்று தெரியும். இல்லையென்றால் திண்டை அரை மீட்டருக்கு ஒரு இடத்தில், தரை மட்டம் வரை உடைத்துவிடுங்கள்.

அப்புறம், டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) வைத்துத் தரையைப் பாருங்கள். 4 மீட்டருக்கு 4 சென்டிமீட்டர் கால்வாய்ப் பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும். புல் போடும் முன்பே தண்ணீர் நின்றது என்றால் தரையிலும் ஏதோ குறை இருக்கிறது.

ஈசூன்தம்பி
கரணை அண்ணே, சிமெண்ட் தரையில் ஜல்லியை எங்கே கொட்டுவது? :)

கரணை
பொதுவான விதியைச் சொன்னேன். உங்கள் ஆணி ஓட்டையை விட மேல்.

வேலன்_மாமா
எதற்கு இவ்வளவு சிரமம்? துணி துவைக்கும் இடத்தில் தரைக்குழி இருக்குமே, அந்தப் பக்கம் தண்ணீரைத் திருப்பிவிட்டால் முடிந்தது.

மழைமானி
மாமா, அது மட்டும் வேண்டாம். அந்தக் குழி கழிவுநீர்க் குழாய்க்குப் போகிறது. இங்கே சிங்கப்பூரில் மழைநீருக்கும் கழிவுநீருக்கும் தனித்தனி வழி. மழைநீர் கால்வாய்க்குத்தான் போக வேண்டும், கழிவுநீர்க் குழாய்க்குள் விட அனுமதி இல்லை. வெட்டவெளியில் தரைக்குழி வைத்தால் மேலே கூரை போடச் சொல்வதும் அதனால்தான்.

வேலன்_மாமா
முப்பது வருடமாக எங்கள் வீட்டில் அப்படித்தான் போகிறது. ஒன்றும் ஆகவில்லை.

கரணை
பிடிபடவில்லை என்று சொல்லுங்கள்.

வேலன்_மாமா
இதற்குத்தான் நிஜப் புல் போடுங்கள் என்கிறேன். பிளாஸ்டிக்கைப் போட்டுவிட்டு இப்போது குத்துகிறது குடைகிறது என்றால்? மத்தியான வெயிலில் அதில் வெறுங்காலோடு நிற்க முடியுமா? நாய் பாவம்.

ஈசூன்தம்பி
சிமெண்ட் தரையில் நிஜப் புல் எப்படி மாமா முளைக்கும்?

வேலன்_மாமா
தரையை உடைக்க வேண்டியதுதான்.

தோட்டக்காரி
மாமா, தனி இழை தொடங்குங்களேன். சிராங்கூன்வாசி, கொசுவை மறந்துவிடாதீர்கள். 20 காசு நாணயம் அகலத்துக்குத் தண்ணீர் நின்றாலே ஏடிஸ் முட்டையிடும், ஒரு வாரத்தில் கொசுவாகிவிடும். சுற்றுப்புற வாரியத்து ஆள் வந்தால் திண்டோரத்தைத்தான் முதலில் பார்ப்பார். நாற்றத்துக்கு, திண்டை உடைத்த பிறகு குழாய் வைத்து நன்றாக அலசிவிடுங்கள். பின்னால் வசதிப்பட்டால் புல்லுக்குக் கீழே மேடுபள்ளமான பிளாஸ்டிக் பாய் விரியுங்கள். புல் தரையில் ஒட்டாது, தண்ணீர் அடியில் ஓடிவிடும்.

மழைமானி
மூலையைத் தூக்கிப் பார்த்தீர்களா?

மழைமானி, ஞாயிறு
?

சிராங்கூன்வாசி, இரண்டு வாரம் கழித்து
எல்லாருக்கும் நன்றி. திண்டில் இரண்டே ஓட்டை, இரண்டிலும் மணல் அடைத்திருந்தது. கால்வாய்ப் பக்கம் எட்டு இடத்தில் உடைத்தோம். அரை வாளி மணலும் மக்கிப்போன மாவிலையும் வந்தன. இப்போது மழை விட்டு அரை மணி நேரத்தில் வடிந்துவிடுகிறது. நடுவில் மட்டும் ஒரு தட்டு அளவுக்கு இன்னும் ஈரம். மாமியார் வந்துவிட்டுப் போயாயிற்று.

கரணை
அந்தத் தட்டு அளவுப் பள்ளம் எவ்வளவு ஆழம்? புல்லை விலக்கி, சிமெண்ட் பூசிச் சரிசெய்யாவிட்டால் அங்கே கொசு வரும்.

கரணை, மறுநாள்
பதில் வராது. தெரியும்.