கொம்பிரசர் எடுக்கப் போறன், 2850 சுத்தோ 1440 சுத்தோ நல்லம்?

ஒட்டுக்கடை:
வணக்கம் அண்ணைமார். மாங்குளத்துக்குக் கிட்ட ஏ9 கரையில சின்னதா ஒரு ஒட்டுக்கடை வச்சிருக்கிறன். மோட்டச்சைக்கிள் ரயர்தான் முக்கால்வாசி, ஆனா விதைப்பு, வெட்டு நேரங்களில உழவு மெசின் ரயருகள் வந்து வரிசையில நிக்கும். இப்ப கிடக்கிறது 50 லீற்றர் டாங்கோட ஒரு டிரெக்ட் கொம்பிரசர், மோட்டரும் பம்பும் ஒண்டாப் பூட்டினது. எடுத்து ஒண்டரை வருசம் ஆகேல்ல, வால்வுத் தகடு ரெண்டுதரம் மாத்தியாச்சு, இப்ப காத்தோட எண்ணையும் வருது. சத்தத்தைப் பற்றிக் கேக்காதேங்கோ, பக்கத்துக் கடை அக்கா கதைக்கிறதையே விட்டிட்டா.

வவுனியாவில ரெண்டு பெல்ட் கொம்பிரசர் பாத்து வச்சிருக்கிறன், ரெண்டும் 2 எச்பி, 100 லீற்றர். ஒண்டின்ர மோட்டர் தகட்டில நிமிசத்துக்கு 2850 சுத்து எண்டு கிடக்கு, மற்றதில 1440, அது பாரமும் கூட விலையும் கூட. கடைக்காரர் சொல்றார் சுத்துக் கூடினதுதான் காத்துக் கூடத் தருமாம். உண்மையோ?

பரந்தன் லேத்து:
தம்பி, தகட்டில கிடக்கிறது மோட்டற்ற சுத்து, பம்பின்ர சுத்தில்ல. எங்கட கறண்ட் 50 ஹேட்ஸ், அதில ரெண்டு போல் (காந்த முனை) மோட்டர் 2850 கிட்டச் சுத்தும், நாலு போல் 1440 கிட்ட. ஆனா பெல்ட் போட்டா பம்பு எவ்வளவு சுத்தும் எண்டதை புல்லிதான் (பெல்ட் ஓடுற சில்லு) சொல்லும். 2850 மோட்டரில 3 இஞ்சி புல்லி, பம்பில 12 இஞ்சிச் சில்லெண்டா பம்பு 710 சொச்சம். 1440இல 6 இஞ்சி போட்டாலும் அதே கணக்குத்தான். அதால அடிமட்டம் ஒண்டைக் கொண்டுபோய் ரெண்டையும் அளந்து பார்.

உன்ர பழசு ஏன் செத்ததெண்டா, டிரெக்டில பம்பும் 2850 சுத்தும், பிஸ்டன் செக்கனுக்கு 47 தரம் மேல கீழ. வால்வுத் தகடும் அத்தினை தரம் அடிபடும், ஹெட் கொதிக்கும், எண்ணை கருகி வால்வில கரியாப் பிடிக்கும், பிறகு வால்வு மூடாது, மூடாட்டி இன்னும் சூடு. எங்கட வெயிலும் செம்புழுதியும் வேற சேந்தா சொல்லவே வேண்டாம், பில்டரையாவது கிழமைக்கு ஒருக்கா தட்டு. மெல்லச் சுத்துற பெரிய பம்பு இடையில ஆறும், அவ்வளவுதான் விசயம்.

புதுக்குடியிருப்பான்:
லேத்து அண்ணை சொன்னது சரி. நான் செய்த விசர் வேலையையும் கேளுங்கோ. காத்து காணாதெண்டு மோட்டரில கிடந்த 3 இஞ்சியைக் கழட்டிப்போட்டு 4 இஞ்சி போட்டன். முதல் கிழமை ராசா மாதிரி இருந்தன், டாங்க் டக்கெண்டு நிரம்புது. ஆனா பம்பு மூண்டில ஒரு பங்கு கூடச் சுத்தினா மோட்டருக்கும் அவ்வளவு பாரம் கூடும் எண்டது மண்டையில ஏறேல்ல. வெட்டு நேரம் பாத்துக் கொயில் எரிஞ்சு, பத்து நாள் கைப்பம்புதான். மெல்லச் சுத்தட்டும் எண்டு கண்டபடி குறைச்சாலும் பிழை, உள்ளுக்க எண்ணையை அள்ளி அடிக்கிற கரண்டி வடிவா அடிக்காது, பிஸ்டன் ரிங்ஸ் காஞ்சுபோகும்.

அதோட பின்னேரத்தில வோல்டேச் விழுற இடமெண்டா கவனம். 230 வாற இடத்தில 184 வந்தா மோட்டற்ற இழுவை கிட்டத்தட்ட 64 வீதம்தான், ஸ்டார்ட் எடுக்காம முனகிக்கொண்டு நிண்டே எரியும். நீட்டு வயர் இழுக்காதேங்கோ, காத்துப் போற ஹோஸ் பைப்பை நீட்டுங்கோ.

அக்கராயன் பெயின்டர்:
கடைக்காரற்ற கதையை விடுங்கோ, மணிக்கூட்டைப் பாருங்கோ. டாங்கை வெறுமையாக்கி, குழாயைப் பூட்டி, அமுக்கம் 7 பார் ஏற எவ்வளவு நேரமெண்டு கடையிலயே ஓடவிட்டுப் பாருங்கோ. 100 லீற்றர் டாங்கில 7 பார் எண்டா 700 லீற்றர் காத்து, 5 நிமிசம் எடுத்தா நிமிசத்துக்கு 140. உழவு மெசின் பின் ரயருக்கு அமுக்கம் பெரிசா வேண்டாம், லீற்றர்தான் வேணும்.

ஒட்டுக்கடை:
அண்ணைமார், நேற்றுப் போய் அளந்தனான். 2850காரனில 4 இஞ்சி, பம்புச் சில்லு 10, அப்ப 1140 வருது. 1440காரனில 5க்கு 10, 720. ஓடவிட்டும் பாத்தன், ரெண்டுக்கும் அரை நிமிசம் கூட வித்தியாசமில்ல, 1440காரன்ர பம்பு சிலிண்டர் பெரிசு. ஹெட்டுக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோனா வித்தியாசம் தெரியுது. பாரமானதைத்தான் எடுக்கப் போறன், விலை குறைக்கிறார் இல்ல. ஆரும் வவுனியாப் பக்கம் இருந்தா பேரம் பேச ஒருக்கா கூட வருவியளோ?