லேபிள் போடப்போய் மாட்டிக்கொண்ட கதைகள்

பல கணினிகளைச் சேர்த்து அவற்றில் மென்பொருள்களை ஓட்டி நிர்வகிக்கும் குபர்னெட்டீஸில் லேபிள் (கீ=மதிப்பு என்ற அடையாளச் சீட்டு) போடுவது ஒரு வரி வேலை. கியூப்சிடிஎல் (அதன் கட்டளைக் கருவி) லேபிள் என்று ஆரம்பித்து, எந்த வகை, என்ன பெயர் என்று சொல்லி, கடைசியில் டீம்=பில்லிங் என்று அடித்து என்டர் தட்டினால் முடிந்தது. அவ்வளவு சுலபம் என்பதாலேயே யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை நானும்தான்.

எங்கள் டெவலப்மெண்ட் கிளஸ்டரில் (கணினிக் கூட்டம்) ஒரே நேம்ஸ்பேஸுக்குள் (அதன் ஒரு பிரிவு) நான்கு டீம்களின் டிப்ளாய்மெண்டுகள் (ஒரு ஆப்பை ஓட வைக்கும் அமைப்புகள்) நெருக்கிக்கொண்டு கிடந்தன. மெமரி போதவில்லை. திங்கட்கிழமை பில்லிங் டீமுக்கு மட்டும் டெமோ. மற்ற மூன்று டீம்களும் "எங்களுடையதைத் தூக்கிவிடுங்கள், அப்புறம் போட்டுக்கொள்கிறோம்" என்று சொல்லிவிட்டார்கள். எல்லா டிப்ளாய்மெண்டுக்கும் ஏற்கெனவே டீம் லேபிள் போட்டு வைத்திருந்தோம் என்பது என் நினைப்பு. டீம்!=பில்லிங் (பில்லிங்குக்குச் சமமில்லை) என்று செலக்டர், அதாவது லேபிளை வைத்துப் பொறுக்கும் நிபந்தனை, கொடுத்து டெலீட் அடித்தேன். திரையில் வரி வரியாக ஓடியது. மனசுக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

பத்து நிமிடத்தில் பில்லிங் டீமிலிருந்து போன்: யாராலும் லாகின் செய்ய முடியவில்லை. பார்த்தால் லாகின் சர்வீஸின் டிப்ளாய்மெண்டே இல்லை. அது எல்லா டீமுக்கும் பொது. பொது என்பதால் எந்த டீமும் அதற்கு லேபிள் போடவில்லை. சமமில்லை என்ற செலக்டர், வேறு மதிப்பு உள்ளவற்றை மட்டும் பிடிப்பதில்லை. அந்தக் கீயே இல்லாதவற்றையும் சேர்த்துப் பிடிக்கும். ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். நான்தான் படிக்கவில்லை. யாரோ கையால் மாற்றி வைத்திருந்த இரண்டு செட்டிங் ரெப்போவில் (கோப்புகளைச் சேமிக்கும் இடம்) இல்லாததால், அதைத் திரும்ப எழுப்ப ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

*

ஆறுதல் இதோ: நான் இதே தப்பை நாட்இன் ('இந்தப் பட்டியலில் இல்லாதது' என்ற செலக்டர்) போட்டுச் செய்தேன். "சமமில்லை ஆபத்து, நாட்இன் பாதுகாப்பு" என்று எனக்கு நானே ஒரு கதை கட்டிக்கொண்டிருந்தேன். இல்லை, நாட்இன்னும் லேபிள் இல்லாதவற்றை அள்ளிக்கொண்டு போகும். கீ இருக்க வேண்டும், மதிப்பு மட்டும் வேறாக இருக்க வேண்டும் என்றால் இரண்டையும் சொல்ல வேண்டும்: டீம்,டீம்!=பில்லிங். நடுவில் இருக்கும் கமா "இதுவும் அதுவும்" என்று பொருள்படும்.

லேபிளே இல்லாதவற்றைத் தேட '!டீம்' என்று போடலாம். ஒற்றை மேற்கோள் முக்கியம். அது இல்லாவிட்டால், அல்லது இரட்டை மேற்கோள் போட்டால், பேஷ் (கட்டளைகளை வாங்கும் நிரல்) அந்த ஆச்சரியக்குறியைப் பார்த்துவிட்டுப் பழைய கட்டளைகளுக்குள் டீம் என்று தேடப் போய்விடும். அப்புறம் வரும் பிழைச்செய்திக்கும் குபர்னெட்டீஸுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. நான் அரை மணி நேரம் கிளஸ்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம்.

*

என் கதை அழிந்த கதை இல்லை, அழியாமல் போன கதை.

ஆறு பாட் (ஆப்பின் ஓடும் பிரதிகள்), அவற்றுக்குக் கோரிக்கைகளைப் பிரித்து அனுப்பும் ஒரு சர்வீஸ். அதில் ஒன்று மட்டும் மெமரியைத் தின்றுகொண்டே போனது. ரீஸ்டார்ட் செய்தால் ஆதாரம் போய்விடும். விட்டுவைத்தால் வாடிக்கையாளர்களின் கோரிக்கைகள் அதற்கும் போய்க்கொண்டே இருக்கும். என் சீனியர் வந்து, "அதன் ஆப் லேபிளை மாற்று" என்றார். ஆப்=விசாரணை என்று அடித்தேன். ஏற்கெனவே ஒரு மதிப்பு இருக்கிறது, ஓவர்ரைட் ஃபால்ஸ் என்று மறுத்துவிட்டது. ஓவர்ரைட் சேர்த்து மறுபடி அடித்தேன்.

அடுத்த சில விநாடிகளில் நடந்ததைப் பக்கத்து டெர்மினலில் வாட்ச் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்களின் எண்ணிக்கையைக் காக்கும் ரெப்ளிகாசெட் எண்ணிப் பார்த்தது, தன் செலக்டருக்குப் பொருந்துபவை ஐந்துதான். உடனே ஆறாவதாக ஒன்றைப் பெற்றெடுத்தது. சர்வீஸும் பழையதைத் தன் எண்ட்பாயிண்ட் (கோரிக்கை அனுப்பும் முகவரி) பட்டியலிலிருந்து கழற்றிவிட்டது. நோயாளி பாட் மட்டும் ஒரு கோரிக்கையும் வராமல், உரிமையாளர் இல்லாமல், உயிரோடு நின்றது. உள்ளே போய் நிதானமாக ஹீப் டம்ப் (மெமரியின் நகல்) எடுத்தோம். எனக்கு அது மந்திரம் போலத்தான் இருந்தது.

தப்பு அப்புறம்தான். வேலை முடிந்ததும் பழையபடி வைக்கலாம் என்று லேபிளைத் திரும்ப மாற்றினேன். ரெப்ளிகாசெட் அதை மறுபடி தத்தெடுத்துக்கொண்டது. இப்போது ஏழு. ஒன்று அதிகம் என்று ஒன்றை அழித்தது. அழிந்தது ஆரோக்கியமாக இருந்த புதிய பாட்! மெமரி தின்னி மீண்டும் டிராஃபிக் வாங்க ஆரம்பித்தது. விசாரணை முடிந்தால் அந்த பாடைக் கையால் டெலீட் செய்ய வேண்டும், லேபிளைத் திருப்பக் கூடாது.

*

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. டிப்ளாய்மெண்ட் உருவாக்கும் பாட்களில் பாட்-டெம்ப்ளேட்-ஹாஷ் என்று ஒரு லேபிள் தானாக வரும். சிலர் ஆப் லேபிளைத் தொடாமல் அந்த ஹாஷை மட்டும் மாற்றுவார்கள். ரெப்ளிகாசெட் விட்டுவிடும், சரி. ஆனால் சர்வீஸ் பெரும்பாலும் ஆப் லேபிளை மட்டும்தான் பார்க்கிறது. அதனால் டிராஃபிக் நிற்காது. பாட் தனிமைப்பட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு உள்ளே கைவைப்பீர்கள். வெளியே நிஜ ஆட்கள் காத்திருப்பார்கள்.

*

நான் செய்தது இதற்கு நேர் எதிர். நெட்வொர்க் சோதனைக்காக ஒரு பிஸிபாக்ஸ் (சிறு கருவிகளின் தொகுப்பு) பாட் எழுப்பினேன். "எந்த ஆப் சம்பந்தப்பட்டது என்று தெரியட்டுமே" என்று நல்ல பிள்ளையாக அதற்கும் அதே ஆப் லேபிளைப் போட்டேன். சர்வீஸ் அதையும் தன் ஆளாகச் சேர்த்துக்கொண்டது. ரெடினஸ் ப்ரோப் (தயாரா என்று பார்க்கும் சோதனை) எதுவும் இல்லாததால் கன்டெய்னர் ஓட ஆரம்பித்த கணமே அது ரெடி. உண்மையான பாட் மூன்று, என்னுடையது ஒன்று. ஏறக்குறைய நாலில் ஒரு கோரிக்கை என் பிஸிபாக்ஸின் மூடிய போர்ட்டில் முட்டித் திரும்பியது.

இடைவிட்டு வரும் பிழை என்பதால் எல்லோரும் கோரிக்கைகளைப் பங்கிடும் லோட் பேலன்சரைச் சந்தேகித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சந்தேகித்தேன், அதுதான் வெட்கம். பாட் பட்டியலை ஷோ-லேபிள்ஸ் போட்டு யாரோ திரையில் காட்டியபோது, என் பெயரின் முதலெழுத்தோடு ஒரு பாட் வரிசையில் நான்காவதாக நின்றது.

*

புதியவன். ஒரு சந்தேகம், இது கதையா என்று தெரியாது. டிப்ளாய்மெண்டுக்கு லேபிள் போட்டேன், "லேபிள்ட்" என்று வந்தது. பாட்களில் பார்த்தால் இல்லை. சரி என்று ஒவ்வொரு பாடுக்கும் தனியாகப் போட்டேன். மறுநாள் ரிலீஸுக்குப் பிறகு எல்லாம் காணோம். நான் என்ன தப்பு செய்தேன்?

*

தப்பு எதுவும் இல்லை, எல்லோரும் அந்த வழியாகத்தான் வந்தோம். டிப்ளாய்மெண்டின் மேல் போடும் லேபிள் அந்த டிப்ளாய்மெண்டுக்கு மட்டும். பாட்கள் பிறப்பது அதற்குள் இருக்கும் பாட் டெம்ப்ளேட் என்ற அச்சிலிருந்து. பாடின் மேல் நேராகப் போட்டது அந்த பாடோடு போய்விடும். நிரந்தரமாக வேண்டுமென்றால் டெம்ப்ளேட்டில் சேருங்கள். ஆனால் டெம்ப்ளேட்டைத் தொட்டால் புது ரோல்அவுட் ஆரம்பித்து, பாட்கள் எல்லாம் வரிசையாக மாற்றப்படும். நான் இதை மதியம் உச்ச நேரத்தில் செய்து பார்த்திருக்கிறேன், ஒரே ஒரு எழுத்துப்பிழையைத் திருத்த. செலக்டரில் இருக்கும் லேபிளாக இருந்தால் அதுவும் முடியாது. டிப்ளாய்மெண்டின் செலக்டரை உருவாக்கிய பிறகு மாற்ற விடமாட்டார்கள். அழித்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும்.

*

நோட் (கிளஸ்டரில் உள்ள ஒரு கணினி) லேபிள் பற்றி யாரும் சொல்லவில்லையே. டிஸ்க்=எஸ்எஸ்டி என்று மூன்று நோட்களுக்குப் போட்டு, டேட்டாபேஸ் பாட்களை நோட்செலக்டர் மூலம் அங்கே அனுப்பினோம். பிறகு ஒருவர் சுத்தம் செய்கிறேன் என்று கீயின் கடைசியில் கழித்தல் குறி போட்டு அந்த லேபிள்களை எடுத்துவிட்டார். ஒன்றுமே ஆகவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் பாடை நோட் லேபிள் போனதற்காக யாரும் வெளியேற்றுவதில்லை. பாடை எந்த நோடில் வைப்பது என்று ஷெட்யூல் செய்யும் நேரத்தில் மட்டும்தான் அது பார்க்கப்படும். மூன்று வாரம் கழித்து பேட்ச் போட நோட்களை ட்ரெய்ன் செய்தோம், அதாவது பாட்களை அங்கிருந்து காலி செய்தோம். அன்றைக்கு டேட்டாபேஸ் பாட்கள் போக இடமில்லாமல் பெண்டிங்கில் போய் உட்கார்ந்தன. மூன்று வாரத்துக்கு முந்தைய ஒரு கழித்தல் குறியை யார் நினைத்துப் பார்ப்பார்கள்?

நோட்டுக்கு ஒரு பாட் வைக்கும் டீமன்செட் மட்டும் வேறு ஜாதி. அதன் நோட்செலக்டருக்குப் பொருந்தாமல் நோட் லேபிள் மாறினால், அங்கே இருக்கும் பாடை உடனே எடுத்துவிடும். இந்த வித்தியாசம் தெரியாமல் ஒன்றில் கற்ற பாடத்தை இன்னொன்றில் வைத்துப் பார்க்காதீர்கள்.

*

சின்னக் கதை. இமேஜின் (ஆப்பின் பொதி) ஷா-256 டைஜஸ்டை, அதாவது அதன் கைரேகை போன்ற எழுத்துச் சரத்தை, லேபிள் மதிப்பாக வைக்க ஸ்கிரிப்ட் எழுதினேன். மதிப்புக்கு உச்சவரம்பு 63 எழுத்து. டைஜஸ்ட் 64. ஒரே ஒரு எழுத்து! கோடின் கிளைப் பெயரை வைக்கலாம் என்றால் அதில் சாய்வுக்கோடு, அதுவும் ஆகாது. கடைசியில் அனோட்டேஷனில் (செலக்டரால் தேட முடியாத குறிப்பு) போட்டேன். தேடத் தேவைப்படாத விவரத்துக்கு முதலிலிருந்தே அதுதான் இடம்.

*

எல்லோருக்கும் நன்றி, ஆறுதல் கிடைத்துவிட்டது. இப்போதெல்லாம் டெலீட்டுக்கு முன்னால் அதே செலக்டரோடு கெட் அடித்து, வரும் பட்டியலைக் கடைசி வரி வரை படிக்கிறேன்.

லாகின் சர்வீஸுக்கு ஒருவழியாக நேற்று லேபிள் போடப் போனேன், டீம்=பொது என்று. மறுத்துவிட்டது. ஏற்கெனவே ஒரு மதிப்பு இருக்கிறதாம். பார்த்தால், எனக்கு முன்பே யாரோ டீம்=பில்லிங் என்று போட்டு வைத்திருக்கிறார்கள்.