காஜா: பாய் கடைச் சொல்லா, கப்பலில் வந்த சொல்லா?

மேலமாசி:
சட்டையில் பட்டன் மாட்டும் துளைக்குக் காஜா என்கிறோம். நான் வேலை பழகிய கடையில் சொல்வார்கள்: அந்தக் காலத்தில் தையலில் பாய்மார்தான் அதிகம். காஜா மைதீன் என்ற பெயரும் தெருவுக்கு நாலு இருக்கும். துளை கட்டிய பையனின் பெயரே வேலைக்கு நின்றுவிட்டது. 'காஜா பையன்' என்று இன்றும் சொல்கிறோமே! இதைப் போய் நேற்று ஊசிநூல் தம்பி போர்த்துகீசியச் சொல் என்கிறார். இது மதுரையா, கோவாவா?

ஊசிநூல்:
அண்ணே, கதை நன்றாக இருக்கிறது, ஆனால் வடக்கே போனால் நொண்டும். இந்தியிலும் மராத்தியிலும் பட்டன் துளைக்குக் 'காஜ்' என்றுதான் பெயர். நம் ஊர்ப் பையனா அங்கே போய்க் காஜா எடுத்தான்? போர்த்துகீசியத்தில் 'காசா' என்றால் வீடு. பட்டன் துளைக்கும் அதே சொல்தான். அவர்கள் வாயில் அந்த 'சா' ஏறக்குறைய 'ஜா' மாதிரி ஒலிக்கும். அவர்களுடைய 'மேசா' நமக்கு மேஜை ஆனது; 'காசா' மட்டும் காஜா ஆகக்கூடாதா? பொத்தானும் அவர்கள் சொல்தான். பொத்தான் வந்த கப்பலில் அதன் வீடு வராமலா இருக்கும்?

மேலமாசி:
ஜன்னல், சாவி, அலமாரி எல்லாம் அவர்கள் கொடுத்தது, தெரியும். நான் கேட்டது மதுரையை. கடற்கரை இங்கிருந்து எவ்வளவு தூரம்?

ஊசிநூல்:
தூரமெல்லாம் அன்றே குறைந்துவிட்டது. 1606இல் இத்தாலியப் பாதிரியார் இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தபோது, கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துகீசியப் பாதிரியார் ஏற்கெனவே இங்கே இருந்தார், தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறையிலிருந்து வந்த பரதவர்களுக்காக. நொபிலி கறுப்பு அங்கியைக் கழற்றிவிட்டுக் காவி உடுத்தியதே, பறங்கி, அதாவது ஐரோப்பியர், என்றால் ஊர் ஏளனமாகப் பார்த்ததால்தான். அதற்காகக் காஜா மதுரையில் பிறந்தது என்று சொல்ல வரவில்லை. தையல்காரர் கையோடு ஊர் ஊராக நடந்து வந்திருக்கும்.

தமிழ்ப்பித்தன்:
தையலுக்குத் தமிழில் சொல் பஞ்சமா? துணி தைப்பவரைச் சிலப்பதிகாரம் 'துன்னகாரர்' என்கிறது. தைத்துப் போட்ட கந்தலைப் பொருநராற்றுப்படை 'துன்னற் சிதாஅர்' என்கிறது. ஊசியும் நூலும் நமக்குப் புதிதில்லை. பொத்தான் துளை என்றே எழுதலாமே.

மேலமாசி:
ஐயா, வேட்டியும் சேலையும் முடிச்சிலும் செருகலிலும் நின்ற ஊர் இது. பட்டனே புழங்காத காலத்தில் அதன் துளைக்குப் பெயர் எங்கிருந்து வரும்? கடையில் போய் 'துளை போடுங்கள்' என்று சொல்லிப் பாருங்கள், சட்டை ஓட்டையாகித்தான் வரும். அப்புறம், 'பொத்தான்' மட்டும் தமிழாக்கும்?

சத்திரத்து அக்கா:
மீனாட்சி கோயில் எதிரே புதுமண்டபத்தில் கடை இருந்தபோதிலிருந்து காஜா எடுக்கிறேன். இப்போது கடை குன்னத்தூர் சத்திரத்தில். துளை என்று எழுதினால் வேலையில் பாதி காணாமல் போகிறது. கீறுவது ஒரு நொடி. கீறிய விளிம்பு பிரியாமல், ஒவ்வொரு குத்துக்கும் நூலைச் சுற்றி முடிச்சிட்டு, நெருக்கமாகக் கட்டிக்கொண்டு வருவதுதான் காஜா. சட்டை முன்பட்டியில் அது நெடுக்காக இருக்கும், கழுத்துப்பட்டியில் மட்டும் படுக்கை. கழுத்து பக்கவாட்டில் இழுபடும், அதனால். காஜா மிஷின் வந்த பிறகு கைக்காஜா கேட்பவர்கள் குறைவு.

மேலமாசி அண்ணனுக்கு ஒன்று. டீ வாங்கி வருகிறவனை டீ பையன் என்கிறோம். அவன் பெயர் டீயா?

மேலமாசி:
அக்கா, அது வேறு. பாய்மார் கடைகள் இல்லாமல் இந்தச் சொல் மதுரைத் தெருக்களில் இவ்வளவு ஆழமாக வேர்விட்டிருக்காது. அதை நான் விடமாட்டேன்.

ஊசிநூல்:
பரப்பியது அவர்கள் என்றால் எனக்கு மறுப்பே இல்லை. பெற்றெடுத்தது யார் என்பதில்தான் சண்டை. தூத்துக்குடி, காயல்பட்டினம் பக்கத்துத் தையல்காரர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: உங்கள் ஊரிலும் காஜாதானா, வேறு சொல் உண்டா?