ரூ தொட்டியில கவிதை வெட்டின சக்கரவர்த்தி: ரசனையா, சேதமா?

மண்பானை:
தைபே தேசிய அரண்மனை மியூசியத்துல சீனாவோட வடக்கு சோங் காலத்துல (960–1127) ரூங்கற சூளைல சுட்ட தொட்டி ஒண்ணு இருக்கு, ஓவல் ஷேப், நார்சிசஸ் பூச்செடி வைக்கிறது, நாலு குட்டிக் கால். ஓவியம்னு ஒரு கோடு கூட கிடையாது, மழை விட்ட வானம் மாதிரி ஒரு நீலப்பச்சை கிளேஸ் (மேல பூசிச் சுடற கண்ணாடிப் பூச்சு), அவ்ளோதான். ஆறு நூற்றாண்டுக்கு மேல கழிச்சு 18ம் நூற்றாண்டு சீனச் சக்கரவர்த்தி சியென்லுங் அதைக் கவுத்துப் போட்டு அடியில தன்னோட கவிதையை வெட்ட வச்சுட்டார். ரூ பாத்திரம் இன்னிக்கு உலகத்துலயே நூறு பக்கம்தான் மிச்சம். என்னைப் பொறுத்தவரை இது சேதம்.

ஓலைச்சுவடி:
சேதம்னு சொல்றது அநியாயம் ப்ரோ. ஒரு சீன ஓவியச் சுருளை எடுத்துப் பாருங்க, வரைஞ்சவரோட கவிதை, அப்புறம் வாங்கினவரோட முத்திரை, அதுக்கும் அப்புறம் பாத்தவர் எழுதினது, எல்லாம் ஒரே சுருள்ல இருக்கும், அதை யாரும் கிறுக்கல்னு சொல்றதில்ல. தாங் காலத்துக் கவிஞர், ஓவியர் வாங் வெய் பத்தி சோங் காலத்துக் கவிஞர் சு ஷி சொன்னதே அவர் கவிதைல ஓவியம் இருக்கு, ஓவியத்துல கவிதை இருக்குன்னுதான். சியென்லுங்கும் சும்மா பேர் பொறிச்சுட்டுப் போகல. அந்தத் தொட்டி நாய்க்குச் சோறு வச்சதுன்னு ஒரு பேச்சு இருந்துச்சு, அதைப் புடிச்சுக்கிட்டு கவிதைல தாங் காலத்து (618–907) அரண்மனைக்குப் போறார், தாங் ராஜா பலகை ஆட்டத்துல தோக்கப்போற நேரத்துல அவரோட காதலி யாங் குய்ஃபெய் தன் குட்டி நாயை விட்டுக் காயெல்லாம் கலைச்ச கதை. படமே இல்லாத பாத்திரத்துக்கு ஒரு படம் கிடைச்சுது.

மண்பானை:
சுருளுக்குப் புதுத் தாள் ஒட்டிக்கலாம், வரையறவரே எழுத இடம் விடுவார். கிளேஸை அறுத்தா அறுத்ததுதான். அந்த அடிப்பக்கத்தைப் பாருங்க, எள்ளு சைஸ்ல ஆறு தடம் மட்டும் இருக்கும், சூளைல முள்ளு மேல நிறுத்திச் சுட்டது. யாரும் பாக்காத அடியிலயும் கிளேஸ் முழுசா இருக்கணும்னு குயவன் அவ்ளோ மெனக்கெட்டிருக்கான், அதுல போய் வெட்டறதா?

நீலக்குயில்:
ரெண்டு பேரும் ராஜாவையே சுத்திட்டு இருக்கீங்க. கவிதையும் பாத்திரமும் நெஜமா ஒட்டினது தாங் காலத்து சாங்ஷா சூளையில. ஒரு மூக்கு வச்ச குடத்துல கிளேஸுக்கு அடியில பிரஷ்ஷால எழுதியிருக்கு: நீ பொறந்தப்ப நான் பொறக்கல, நான் பொறந்தப்ப உனக்கு வயசாயிடுச்சு, நான் லேட்டா வந்தேன்னு உனக்கு வருத்தம், நீ சீக்கிரம் வந்துட்டேன்னு எனக்கு வருத்தம். எழுதினது யாருன்னே தெரியாது. சந்தைல விக்கிற குடம் அது! அப்புறம் சியென்லுங்கோட அப்பா யோங்செங் காலத்து (1723–1735) எனாமல் கிண்ணம், பீங்கான் ஊரான ஜிங்தேஜென்ல வெள்ளையா சுட்டு பீஜிங் அரண்மனைக்குக் கொண்டு வந்து வரைவாங்க. ஒரு பக்கம் மூங்கில், மறுபக்கம் வேணும்னே காலி, அந்தக் காலியில மூங்கில் பத்தின கவிதை வரி கறுப்புல, பக்கத்துல சிவப்பு முத்திரை, அந்த முத்திரைல இருக்கற சொல்லு கூட படத்துக்குப் பொருத்தமா இருக்கும். எங்க எது வரணும்னு முன்னாடியே யோசிச்சு செஞ்சது. ரூ தொட்டிக்கு அந்த யோசனை எங்க இருந்துச்சு?

ஓலைச்சுவடி:
குடம் பத்தி நீங்க சொன்னது அருமைங்க, அதுல எனக்கு மறுப்பே இல்ல. ஆனா யோங்செங் கிண்ணத்துல கவிஞன் எங்க? வரி பழைய கவிதைல இருந்து எடுத்தது, படம் ஒருத்தர், எழுத்து தாய் லின்ங்கற அரண்மனை எழுத்துக் கலைஞர் மாதிரி இன்னொருத்தர். ஜிங்தேஜென்ல கோடு போடறவனுக்கு வண்ணம் தீட்டக் கத்துத்தர மாட்டாங்க, வண்ணம் தீட்டறவனுக்குக் கோடு கிடையாது, 1743ல அரண்மனைச் சூளை மேற்பார்வையாளர் தாங் யிங்கே எழுதி வச்சிருக்கார். சியென்லுங் பாத்திரத்தைக் கையில எடுத்துப் பாத்து தானா எழுதினார்.

மண்பானை:
எழுதினது அவர், வெட்டினது அரண்மனைத் தொழிலாளி. அவரே 1776ல 15ம் நூற்றாண்டு செங்ஹுவா காலத்துக் கோழி கப்புக்குக் (கோழிப் படம் போட்ட சின்னக் கப்) கவிதை பாடினப்ப என்ன செஞ்சார்? புதுசா கப் செய்ய வச்சு அதுல எழுத வச்சார். இங்கயும் அப்படி செஞ்சிருக்கலாமே, ரூ கலரை அச்சு அசலா எடுக்கற ஆளுங்க ஜிங்தேஜென்ல அப்பவே இருந்தாங்க.

ஓலைச்சுவடி:
கோழி கப் நல்ல பாயிண்ட். ஆனா அந்தத் தொட்டிக் கவிதையோட முதல் வரியே இது சோங்கா தாங்கான்னு பிரிச்சுச் சொல்ல முடியலங்கறதுதான். 18ம் நூற்றாண்டுல அவ்ளோ பெரிய சேகரிப்பு வச்சிருந்த ஆள் இந்தப் பாத்திரத்தைப் பாத்து எதுல குழம்பினார்ங்கறது அதே பாத்திரத்துல இருக்கறது எனக்குப் பெருசு. புதுத் தொட்டியில எழுதியிருந்தா எதைப் பாத்து எழுதினார்னு நாம இன்னிக்கும் தேடிட்டுதான் இருந்திருப்போம்.