கை நுழையாத இடத்து போல்ட்டை எப்படிக் கழற்றினீர்கள்? அனுபவங்களைப் பகிருங்கள்

புதுப்பாளையம், கடலூர்:

போன மாதம் எங்கள் வீட்டு ஆல்டோவின் ஸ்டார்ட்டர் மோட்டாரை வாசலிலேயே கழற்றினேன். சாவியைத் திருப்பினால் டிக் என்று ஒரு சத்தம், அதோடு சரி. பேட்டரியில் குறை இல்லை. மோட்டாரைப் பிடித்திருப்பவை இரண்டே போல்ட். கீழே இருந்தது பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. மேலே இருந்ததற்கு ஒன்றரை நாள் ஆனது.

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுங்கள். ஸ்டார்ட்டருக்கு வரும் தடித்த ஒயர் பெரும்பாலான கார்களில் ஃபியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக வருகிறது. ஸ்பேனர் ஒரு பக்கம் அதையும் மறுபக்கம் பாடியையும் தொட்டால் வெல்டிங் போலப் பொறி பறக்கும். கண் தெரியாத இடத்தில் ஸ்பேனரை ஆட்டும்போது இது எளிதாக நடக்கும்.

மேல் போல்ட்டைக் கண்ணால் பார்க்கவே முடியவில்லை. போனில் வீடியோவை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு, இடுக்கில் விட்டு எடுத்துப் பார்த்தேன். 14 நம்பர் தலை. ரிங் ஸ்பேனர் உட்கார்ந்தது, ஆனால் ஆட்ட இடமில்லை. பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனரை எடுத்து அடுத்த பிடிக்குப் போட 30 டிகிரி திரும்ப வேண்டும். எனக்குக் கிடைத்தது அதில் பாதிதான். ஓப்பன் ஸ்பேனரைப் புரட்டிப் புரட்டிப் போட்டாலும் அதே 30 டிகிரி வேண்டும். அது தலையை இரண்டு பக்கம் மட்டுமே பிடிப்பதால், இறுகிய போல்ட்டில் முதலில் அதைப் போட்டால் முனை மழுங்கிவிடும். எடுத்து மாட்டாமலே முன்னும் பின்னும் ஆட்டித் திருப்பும் 72 பல் ராட்செட் கைப்பிடிக்கு 5 டிகிரி போதும். ஆனால் சாக்கெட்டோடு சேர்த்தால் அந்த இடுக்கில் அதன் உயரம் அடங்கவில்லை.

முதல் நாள் முழுவதும் இதிலேயே போனது. எதையும் கழற்றாமல் சுற்றி வளைத்து முடித்துவிடலாம் என்று நினைத்ததுதான் தப்பு. மறுநாள் காலையில் ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்தேன், ஒரு பிராக்கெட்டைக் கழற்றினேன், ஒயர் கட்டைக் கயிற்றால் இழுத்து ஒதுக்கினேன். இரண்டு எக்ஸ்டென்ஷன் ராடைச் சேர்த்து நுனியில் எந்தப் பக்கமும் வளைந்து திரும்பும் யுனிவர்சல் ஜாயிண்ட் போட்டு விட்டேன். ஜாயிண்ட் தொளதொளவென்று சாய்ந்துகொண்டே இருந்ததால் அதன்மேல் இன்சுலேஷன் டேப் சுற்றினேன். வளையவும் செய்தது, தலையும் தொங்கவில்லை. கழற்றவும் ஒதுக்கவும் சேர்த்து இருபத்தைந்து நிமிடம்.

திருப்பிப் போடும்போதுதான் எனக்கு நிஜமான பயம். உள்ளே அலுமினிய மரை. ஒருமுறை கோணலாக ஏறினால் மரையே போய்விடும். பழைய பெட்ரோல் ஹோஸ் துண்டு ஒன்றை போல்ட் தலையில் இறுக்கமாக மாட்டி, ஹோஸைப் பிடித்துத் திருப்பினேன். நேராக ஏறினால் சுலபமாகப் போகும், கோணலானால் ஹோஸ் வழுக்கிவிடும். நாலு மரை அப்படி ஏறிய பிறகுதான் சாக்கெட்டைப் போட்டேன்.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி:

அண்ணே, எனக்குச் சிக்கியது ஆல்டர்னேட்டரின் (பேட்டரியை சார்ஜ் செய்வது) கீழ் போல்ட். முழுதாகக் கழன்றுவிட்டது, ஆனால் வெளியே உருவ முடியவில்லை. பாதி வந்ததும் தலை பாடியில் போய் முட்டிக்கொண்டது. இன்ஜினுக்குக் கீழே இருக்கும் ஆயில் பேனுக்கு அடியில் அகலமான பலகை வைத்து, அதன்மேல் ஜாக் கொடுத்து இன்ஜினைத் தாங்கவிட்டு, இன்ஜினைப் பாடியோடு பிடித்திருக்கும் அந்தப் பக்கத்து மவுண்ட்டைக் கழற்றி இரண்டு விரல் அளவு இறக்கினேன். போல்ட் உருவிக்கொண்டு வந்தது. பலகை இல்லாமல் ஜாக் கொடுத்தால் பேன் உள்ளே அமுங்கிவிடும்.

இன்னொன்று. காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய ஸ்பேனர் கிடைத்தால் வாங்கி வையுங்கள். ஒரு 12 நம்பர் ரிங் ஸ்பேனரின் தலையை கிரைண்டரில் மெலிதாகத் தேய்த்து, கைப்பிடியைச் சூடாக்கி வளைத்து வைத்திருக்கிறேன். நல்ல ஸ்பேனரை இப்படி அறுக்க மனசு வராது.

கடலூர் முதுநகர்:

எங்கள் பக்கம் எட்டாத போல்ட்டை விடத் துருப் பிடித்த போல்ட்தான் பெரிய பிரச்சினை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் வீடு, உப்புக் காற்று. இரும்பும் அலுமினியமும் சேரும் இடத்தில் உப்பு ஏறினால் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கீழ் நட்டை, ஸ்பேனர் கைப்பிடியில் நீளப் பைப் போட்டு இழுத்தேன். நட் ஏறியிருக்கும் ஸ்டட் (தலையில்லாத போல்ட்) உடைந்து, பாதி இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. ஹெட்டை இறக்கி லேத்துக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

படகு இன்ஜின் வேலை செய்யும் மாமா ஒருவர் அப்புறம் சொல்லிக்கொடுத்தார்: "தம்பி, ராத்திரியே துரு எண்ணெய் விட்டு ஊறப் போடு. காலையில தலையில சுத்தியலால லேசா நாலு தட்டு. முதல்ல கொஞ்சூண்டு இறுக்கு, அப்புறம் லூஸ் பண்ணு. கால் சுத்து வந்தா அரைக்கால் சுத்து திரும்ப உள்ள விடு." மீதி மூன்று நட்டும் இப்படித்தான் உடையாமல் வந்தன. இடுக்கில் நீளப் பைப் போட்டால் போல்ட் முறுக்கிக்கொள்வது கைக்குத் தெரிவதில்லை. இப்போது சின்ன கைப்பிடிதான் போடுகிறேன்.

அந்த ஹோஸ் எவ்வளவு நீளம் வைத்தீர்கள் அண்ணே?

புதுப்பாளையம், கடலூர்:

ஒரு சாண் வைத்தேன் தம்பி. அதற்கு மேல் நீளமானால் ஹோஸ்தான் முறுக்கும், போல்ட் திரும்பாது. தலையில் ஏற மறுத்தால் நுனியை வெந்நீரில் முக்கி எடுத்து மாட்டுங்கள்.