[கலைச்சொல்] தாவர ஓவியமா, செடிப்படமா?

அன்பர்களுக்கு வணக்கம். கலைக்களஞ்சியக் கட்டுரை ஒன்று நாளை மாலைக்குள் போக வேண்டும். ஆள் கிறிஸ்டோஃப் யாக்கோப் ட்ரெவ் (1695–1769), நூரம்பெர்க் மருத்துவர். செடிகளை வரையவைத்து அச்சிட்டவர். 'பொட்டானிக்கல் இல்லஸ்ட்ரேஷன்' என்பதற்கு ஒரு சொல் வேண்டும். 'தாவர வரைபடம்' என்று எழுதி அடித்துவிட்டேன்.

— மொழிபெயர்ப்பாளர்

---

தாவரம் வடசொல். ஸ்தாவரம், நகராதது. அதையே நம்மவர் நிலைத்திணை என்பார்களே! ஓவியத்துக்கு வேர் 'ஓவு'. புறநானூற்றில் 'ஓவத்தன்ன' என்றே வருகிறது. 'நிலைத்திணை ஓவு' என்று துணிந்து எழுதுங்கள்.

— தனித்தமிழன்பன்

---

ஐயா, என் பிளஸ் ஒன் பிள்ளைகள் நிலைத்திணை என்றால் குறிஞ்சி, முல்லை என்று ஒப்பிக்கத் தொடங்கிவிடுவார்கள். வரைபடம் என்றால் அட்லஸைத் திறப்பார்கள். 'தாவர ஓவியம்' போதும்.

— தாவரவியல் ஆசிரியை

---

போதாது அம்மா. ஓவியம் சுவரில் மாட்ட. ட்ரெவுக்காக வரைந்த ஓவியர் ஏரெட், பூவுக்குப் பக்கத்திலேயே மகரந்தத்தாள், சூலகம் என்று பிரித்து வைப்பார். 1736-இல், தாவரங்களை வகைப்படுத்திய லின்னேயஸின் 24 வகுப்புகளுக்குப் படம் போட்டவரும் அவர்தான். அழகு இரண்டாம்பட்சம், அடையாளம் காண்பதே வேலை. 'செடிப்படம்' என்பேன்.

— பழைய அச்சுத் திருத்துநர்

---

செடிப்படமா? 1750-இல் தொடங்கிய ட்ரெவின் 'பிளாண்டே செலெக்டே' நூலின் நூறு படத்தகடுகளில் வாழையும் இருக்கிறதே. வாழை செடியா, மரமா? காழ் என்றால் வயிரம்; அது வெளியே இருந்தால் (புறக்காழ்) புல், உள்ளே இருந்தால் (அகக்காழ்) மரம் என்கிறது தொல்காப்பியம். வாழைக்குக் காழே இல்லை!

— தனித்தமிழன்பன்

---

வாழையை விடுங்கள். எனக்கு உறுத்துவது வேறு. 'பேட்ரன்' என்பதற்குப் 'புரவலர்' போட்டிருக்கிறேன். சரிதானே?

— மொழிபெயர்ப்பாளர்

---

புரவலர் என்றால் எதிரே இரவலர் நிற்பார். ஏரெட் பரிசில் கேட்டு வாசலில் நிற்கவில்லை. தோட்டக்காரராக இருந்தவர், லண்டனில் குடியேறி, வரைந்து அனுப்பிக் கூலி வாங்கினார். ட்ரெவும் சும்மா கொடுத்தவரல்ல, நல்ல பெரிய தாளில் வேண்டும் என்று கேட்டு வாங்கினவர். இன்னொன்று: 'பிளாண்டே செலெக்டே'யில் ட்ரெவ், ஏரெட், தகடுகளைச் செதுக்கிய ஆக்ஸ்பர்க் நகரத்து ஹைட் ஆகிய மூவருக்கும் உருவப்படம் உண்டு. எந்த இரவலருக்கு அது கிடைக்கும்? 'ஆதரவாளர்' போதும்.

— பழைய அச்சுத் திருத்துநர்

---

ஆதரவாளர் என்றால் கட்சிக்காரர்! புரவலரே இருக்கட்டும். அப்புறம், லின்னேயஸ் ட்ரெவின் பெயரால் ட்ரெவியா என்று ஒரு பேரினம் வைத்தார். அந்த மரம் நம் ஆற்றுப்பூவரசு, அதாவது காஞ்சி. குறுந்தொகை பத்தாம் பாட்டில் 'பயறுபோல் இணர' என்று புலவர் அதன் பூங்கொத்தைச் சொல்கிறாரே, அதேதான். இப்போது மல்லோட்டஸ் என்ற பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள், பெயர் போச்சு.

— தாவரவியல் ஆசிரியை

---

பயறு! அந்த இரண்டு சொல்லே ஒரு செடிப்படம்.

— பழைய அச்சுத் திருத்துநர்

---

மணி ஐந்தாகிறது. 'தாவரவியல் ஓவியம்', 'புரவலர்' என்று அனுப்பிவிட்டேன். பெரும்பான்மை என்று சொல்ல முடியாது, மூன்று பேர் களைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். காஞ்சியையும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

— மொழிபெயர்ப்பாளர்

---

என் மறுப்பைப் பதிவுசெய்யவும். ஓவு.

— தனித்தமிழன்பன்