புதுப்பிப்பு: எம்எக்ஸ்-5 இன் பின்பக்க அலைச்சல் தீர்ந்தது

யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தில் வேகம் கூடினால் என் 1990 மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் பின்பக்கம் அலைகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். பலர் ஷொக் அப்சோபரை மாற்றச் சொன்னீர்கள். அது தேவைப்படவில்லை.

முதலில் ரயர் காற்றைப் பார்த்தேன், நான்கிலும் 34 psi. ஆயிரம் கிலோவுக்கும் குறைவான இந்த வண்டிக்குக் கம்பனி சொன்ன அளவு 26தான், குறைத்ததுமே பள்ளங்களில் துள்ளுவது நின்றுவிட்டது. அலைச்சல் மட்டும் போகவில்லை. அலைன்மென்ட், அதாவது சில்லுகள் நிற்கும் கோணம், பார்த்தபோதுதான் பின்சில்லுகளின் முன்விளிம்பு வெளிப்பக்கம் விரிந்திருப்பது தெரிந்தது. அதைத் திருத்தும், சில்லைத் தாங்கும் கீழ் ஆர்மின் போல்ட்டுகள் கடல் உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகிவிட்டதால், இரண்டு நாள் எண்ணெய் விட்டு ஊறவைத்து, மெக்கானிக் அண்ணை அடித்து உடைக்காமல் பொறுமையாகக் கழற்றித் தந்தார், அவருக்குப் பெரிய நன்றி. ஆர்ம் மூட்டுகளில் வெடித்திருந்த ரப்பர் புஷ்களையும் மாற்றினோம். ஒன்றை மறக்காதீர்கள்: புஷ் போல்ட்டைக் கடைசியாக இறுக்கும்போது வண்டி ஜாக்கில் தொங்காமல் நான்கு சில்லிலும் நிற்கவேண்டும், இல்லாவிட்டால் ரப்பர் முறுகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

பின்சில்லுகளின் முன்விளிம்பைச் சற்று உள்நோக்கி வைத்தோம். நேற்று ஊர்காவற்றுறை வரை போனேன், ஸ்ரியறிங்கை இலேசாகப் பிடித்தாலே நேராகப் போகிறது, அவ்வளவு சந்தோசம். முன்பக்கப் புஷ்கள் அடுத்த மாதம்.